சின்னக் கைக்கு ஒரு ஏர் பிஸ்டல்: மதுரையில் தேடி வாங்கிய அனுபவம்

துப்பாக்கி சுடும் கிளப்பின் பிஸ்டலில் சுட்டுப் பழகும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தோன்றிவிடும். எனக்கும் தோன்றியது. அடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு, குறிப்பாகச் சின்னக் கை உள்ள பெண்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி, தோட்டா போட்டுச் சுடும் பாயின்ட் டூ டூவா (.22), காற்றழுத்தத்தில் சுடும் ஏர் பிஸ்டலா? 25 மீட்டர் போட்டிக்கான .22 பிஸ்டலைச் சொந்தமாக வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும். மாநகர எல்லைக்குள் இருந்தால் போலீஸ் கமிஷனர் அலுவலகம், வெளியே என்றால் கலெக்டர் அலுவலகம். போலீஸ் விசாரணை, தோட்டா வாங்குவதில் கட்டுப்பாடு, வீட்டில் பாதுகாப்பாக வைக்கும் பொறுப்பு எல்லாம் கூடவே வரும். ஏர் பிஸ்டலில் இந்தப் பாடு இல்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழாயின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாமல் இருந்தால் உரிமம் தேவையில்லை. 10 மீட்டர் போட்டிப் பிஸ்டலின் ஆற்றல் சுமார் 6 ஜூல்தான். தினமும் பயிற்சி செய்ய வேண்டும் என்பதே என் ஆசை. அதனால் ஏர் பிஸ்டல் என்று முடிவு செய்துவிட்டேன்.

அடுத்தது, எந்த வகை. கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் பிஸ்டல்கள் விலை குறைவு. ஆனால் சூடு ஏற ஏற குப்பிக்குள் அழுத்தம் கூடும், பெல்லட்டின் (ஈயக் குண்டின்) வேகமும் மாறும். சித்திரை வெயிலில் தகர ஷெட் ரேஞ்சில் சுடுகிற நமக்கு அது சரிப்படாது. நெம்புகோலை ஒரு முறை இழுத்துக் காற்றை அடைக்கும் வகை நம்பகமானது, சிலிண்டர் தொல்லையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் இழுக்க வேண்டும். ஒரு போட்டிக்கான 60 குண்டு முடிவதற்குள் என் தோள் சோர்ந்துவிடுகிறது. கடைசியாக, 200 பார் அழுத்தம் வரை காற்று நிரப்பும் சிலிண்டர் வகைக்கே வந்தேன்.

ஸ்டெயர், வால்தர், மொரினி, பர்தினி என்று ரேஞ்சில் ஆளுக்கொரு கம்பெனிப் பெயர் சொன்னார்கள். "டீச்சர், பேரை விடுங்க. கையில வாங்கி, கண்ண மூடிக்கிட்டு நீட்டுங்க. கண்ணத் திறக்கும்போது குறி பார்க்கிற ரெண்டு சைட்டும் நேரா நிக்குதான்னு பாருங்க" என்றார் கோச். இதைவிட நல்ல யோசனை எனக்கு யாரும் சொல்லவில்லை. கைக்குக் கிடைத்த பிஸ்டல்களில் பெரும்பாலும் பெரிய கிரிப்தான் (கைப்பிடி) இருந்தது. விரலை எட்டிப் போட்டால் டிரிகரைப் பக்கவாட்டில் இழுக்கிறோம். குண்டு ஒரு பக்கமாகவே போய் விழும். எஸ் (சிறிய) அளவு கிரிப் மாட்டிய ஒன்றை வாங்கிச் சுட்ட அன்றுதான் வித்தியாசம் புரிந்தது. மரக் கிரிப்பை அரத்தால் ராவி, மரப்பசை வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் பெரியதைச் சிறிதாக்குவதற்கு ஓர் எல்லை உண்டு.

டிரிகர் எலக்ட்ரானிக்கா, மெக்கானிக்கலா என்பதில்தான் ரொம்ப யோசித்தேன். எலக்ட்ரானிக் டிரிகர் அவ்வளவு மென்மை. ஆனால் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் நடுவில் பழுதாகிப் பல நிமிடங்கள் பறிபோனதை நாமெல்லாம் பார்த்தோம். அவர் 2024இல் பாரீஸில் இரண்டு வெண்கலம் வென்று மீண்டு வந்தார். அவருக்குப் பக்கத்திலேயே பழுது பார்க்க ஆள் இருக்கும். எனக்கு? மதுரையில் என் பிஸ்டலைத் திறந்து காற்று கசியாமல் அடைக்கும் சீல் ஒன்றை மாற்றத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். சர்க்யூட் போர்டில் அவர் கை வைக்க மாட்டார். மெக்கானிக்கலே போதும் என்று தீர்மானித்தேன். பக்கத்தில் பழுது பார்க்க ஆள் இல்லாத பிஸ்டல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் எனக்கு நம்பகமானது இல்லை.

புதியது லட்சக்கணக்கில் போகிறது. அதனால் ஒரு சீனியர் அண்ணன் வைத்திருந்த பழையதைப் பார்த்தேன். முதலில் பில், இறக்குமதிக் காகிதங்கள். அப்புறம் சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதி. பொதுவாக 10 ஆண்டுதான் ஆயுள் சொல்கிறார்கள். மாலையில் காற்று நிரப்பி, அளவைக் குறித்து வைத்து, காலையில் மறுபடி பார்த்தோம், முள் இறங்கவில்லை. போட்டி விதிப்படி டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். குழாயைச் செங்குத்தாக மேலே நிறுத்தி, டிரிகரில் எடைக்கல்லை மாட்டித் தூக்கினோம், விடுபடாமல் நின்றது. பிறகு மேசையில் தாங்கு வைத்து ஐந்து குண்டு. அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ஐந்தும் அதற்குள் ஒரே ஓட்டையாக விழுந்ததும் பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை.

வாங்கிய பிறகு இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருக்கிறேன். நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் விடுவதே இல்லை. பஸ்ஸில் போனால் பூட்டிய பெட்டியில் பிஸ்டல், மேலே பில் நகலும் கிளப் அட்டையும். ரேஞ்சுக்கு வெளியே அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை. பெல்லட் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. தட்டைத் தலை பெல்லட்டில் 4.49, 4.50 மில்லிமீட்டர் இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை 4.49தான் நெருக்கமாக விழுகிறது.