கோவில்பட்டிக்குப் போனால் ஊருக்குள் போங்கள்

நேற்று கோவில்பட்டியில் ஒரு வேலை, முடிந்ததும் அப்படியே பஸ் ஏற மனசு வரவில்லை. பின்பக்கமே பாகு காய்ச்சும் ஒரு கடலை மிட்டாய்க் கடைக்குப் போனேன். வறுத்த கடலையை வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் மரப்பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்து, மேலே பச்சையும் ரோஸுமாகத் தேங்காய்த் துருவல் தூவி வெட்டுகிறார்கள், பார்த்துக்கொண்டே நிற்கலாம். "சாப்பிட்டுப் பாருங்க அண்ணாச்சி, அப்புறம் வாங்குங்க" என்று கடைக்காரர் ஒரு துண்டைக் கையில் வைத்தார், இன்னும் இளஞ்சூடு. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் இது. ஒரு கிலோ வாங்கினேன், வீட்டில் இப்போதே பாதி காலி. அந்தப் பக்கம் போகிறவர்கள் பைபாஸோடு போய்விடாதீர்கள், ஊருக்குள் போய், செய்கிறவர்கள் கையாலேயே வாங்குங்கள்.