பிரஷர் இல்லாதவனுக்கு பிரஷர் குளிசை

என் பிரஷர் எப்போது பார்த்தாலும் 120/80 அளவில்தான் நிற்கும். சீனி வருத்தமும் இல்லை. அப்படியிருக்க லொசார்டன் என்ற பிரஷர் குளிசையை எழுதித் தந்தார்கள். ஏன் என்பது விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது.

வேலைக்கான மெடிக்கலில் யூரின் ஃபுல் ரிப்போர்ட்டில் அல்புமின் என்ற புரதம் இரண்டு பிளஸ் என்று வந்தது. சலம் நுரைத்துப் போவதைக் கண்டிருந்தேன், ஆனால் நோவு, வீக்கம் ஒன்றுமில்லை. சிறுநீரக டொக்டரை சனல் பண்ணிக் காட்டியதும் இருபத்துநாலு மணி நேரச் சலம் சேர்க்கச் சொன்னார். காலையில் முதல் போவதைக் கொட்டிவிட வேண்டும். அதன்பிறகு மறுநாள் காலை முதல் போவது வரை ஒரு துளி விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். கொழும்பு வெக்கையில் அதைக் குளிராக வைப்பது இன்னொரு தலையிடி. ஃபிரிட்ஜுக்குள் வைக்க மனைவி சம்மதிக்கவே இல்லை. அதிலும் நியாயம் இருக்கிறது. ரிஜிஃபோம் பெட்டியில் ஐஸ் போட்டுச் சமாளித்தோம். பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாண வீடு, அதற்கும் போகவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டா போவது?

அந்த ஒரு நாள் சலத்தில் புரதம் 1.8 கிராம். சாதாரண ஆளுக்கு நாளொன்றுக்கு 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது பயொப்சி, அதாவது சிறுநீரகத்தில் ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது. குப்புறப் படுக்க வைத்து, முதுகில் விறைப்பு ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடி மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுத்தார்கள். நோவைவிட, பிறகு அசையாமல் மல்லாந்து கிடந்ததுதான் கஷ்டம். சலத்தில் இரத்தம் போகிறதா என்று மிஸ்மார் வந்து வந்து பார்த்தார்கள்.

ரிப்போர்ட்டில் ஐஜிஏ நெஃப்ரோபதி என்று இருந்தது. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிக்கும் நுண் வடிகட்டிகளில் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் படிகிற வருத்தம். அதோடு, வடித்த நீர் போகும் நுண்குழாய்களைச் சுற்றிச் சில இடங்களில் தழும்பு என்றும் எழுதியிருந்தது. வடிகட்டியில்தானே பழுது, குழாய்க்கு என்ன வந்தது என்று கேட்டேன். டொக்டர் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினார்.

சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லீற்றர் வடிக்கிறது. நல்ல வடிகட்டியிலும் கொஞ்சம் அல்புமின் தப்பி வரும். குழாயின் முதற்பகுதியில் உள்ள கலங்கள் மெகலின், கியூபிலின் என்ற ஏற்பிகளால் அதைப் பிடித்து உள்ளே இழுத்து, லைசோசோம் என்ற உட்பைகளில் உடைத்து, அமினோ அமிலங்களாக இரத்தத்துக்கே திருப்பி அனுப்பும். அதுதான் அவற்றின் அன்றாட வேலை. வடிகட்டி ஒழுகத் தொடங்கினால் சுமை பல மடங்காகிறது. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி ஒருவரின் தலையில் மூட்டைக்கு மேல் மூட்டையாக ஏற்றினால் என்ன ஆகும், அதுதான் இங்கேயும். லைசோசோம்கள் வீங்கி, கலம் நெருக்கடிக்குள்ளாகி, எம்சிபி-1 போன்ற இரசாயன அழைப்புகளை வெளியே விடுகிறது. வெள்ளணுக்கள் வந்து சேர, குழாய்களுக்கு இடையில் அழற்சி உண்டாகிறது. பிறகு டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு இரசாயனம் தூண்ட, கொலாஜன் படிந்து தழும்பாகிறது. குழாய் செத்தால் அதோடு சேர்ந்த வடிகட்டியும் வீண். சிறுநீரகம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை வடிகட்டியின் பழுதைவிட இந்தத் தழும்பின் அளவுதான் நன்றாகக் காட்டும் என்றார். சேதத்தில் எவ்வளவு பங்கு புரதத்துடையது, எவ்வளவு மூல வருத்தத்துடையது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என்றாலும் புரதம் குறைந்தவர்களின் சிறுநீரகம் நீண்ட காலம் தாங்குகிறது என்பதில் சந்தேகமில்லை.

லொசார்டனின் வேலை இப்போது விளங்கியது. வடிகட்டியிலிருந்து வெளியேறும் நுண் நாடியை அது தளர்த்துகிறது. உள்ளே அழுத்தம் இறங்க, ஒழுக்கும் குறைகிறது. இதனால் தொடக்கத்தில் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு கொஞ்சம் ஏறலாம். 30 சதவீதம் வரை என்றால் பொதுவாக மருந்தை நிறுத்துவதில்லை. எனக்கும் சற்று ஏறியது, அன்றிரவு நித்திரை இல்லை. பொற்றாசியமும் ஏறக்கூடும் என்பதால் இரத்தம் சோதித்துப் பார்த்தார்கள். காலி வீதியோரம் தம்பிலி வெட்டிக் குடிப்பதையும் குறைக்கச் சொன்னார்கள், அதில் பொற்றாசியம் அதிகம். உப்புக் கூடினால் இந்தக் குளிசையின் பலன் குறையும் என்பதால் கருவாடும் ஊறுகாயும் போயின. உண்மையைச் சொன்னால் கருவாட்டை விட்டதுதான் பெரிய துக்கம். மூட்டு நோவுக்கு டைக்ளோஃபெனாக் கூடவே கூடாது என்றும் கொப்பியில் சிவப்பில் எழுதியிருக்கிறது.

50 மில்லிகிராமில் தொடங்கி 100 ஆக்கினார்கள். முதலில் பஸ்ஸில் இருந்து எழும்பும்போது தலை சுற்றியது, அப்புறம் பழகிவிட்டது. புரதம் இப்போது 0.7 கிராம். டொக்டருக்கு அரைக் கிராமுக்குக் கீழே வர வேண்டுமாம். அந்தக் கேன் மறுபடி தேவைப்படவில்லை. காலைச் சலத்தில் ஒரு சின்னப் போத்தல் கொடுத்தால் அல்புமின், கிரியேட்டினின் விகிதத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.