எங்க ஊர்க் கல், அவங்க ஊர்ச் சமாதி

போன வாரம் அம்மா போனில் அழாத குறை. பெண் வீட்டுக்காரர்கள், பையனுக்கு ஜப்பானில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "சமாதிக் கல்லு விக்கிறான்" என்று சொல்லிவிட்டாராம். காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஜாதகத்தோடு எழுந்துவிட்டார்கள். "ஏற்றுமதி இறக்குமதின்னு சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று அம்மா கேட்கிறாள்.

சித்தப்பா சொன்னது பொய்யில்லை. ஐச்சி மாகாணத்தில், கல்தச்சர்களுக்குப் பேர்போன ஒகசாகி பக்கம் ஒரு கல் வியாபாரக் கம்பெனியில்தான் இருக்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கறுப்புக் கல்லை வாங்குகிறோம். பெரும்பாலும் அது முதலில் சீனாவுக்குக் கப்பலேறி, ஃபுஜியன் பட்டறைகளில் அறுபட்டு, பளபளப்பாகி, அப்புறம்தான் ஜப்பான் வந்து சேரும்.

பெங்களூரில் வாரக்கடைசி வகுப்புக்குப் போய் ஜப்பானிய மொழி படித்தேன். வினைச்சொல் கடைசியில் வருவதால் தமிழ்க்காரனுக்கு வாக்கியம் தானாக வாயில் வரும். சீனாவிலிருந்து வந்த காஞ்ஜி எழுத்துகள்தான் கழுத்தை அறுக்கும். ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலை தேறியதும் வேலை கிடைத்தது. ஆனால் கல் வியாபாரம் எந்தத் தேர்விலும் வராது. நம்மூரில் கன மீட்டர் கணக்கு. இங்கே 'சாய்', அதாவது ஒரு ஷாகு, சுமார் 30.3 செ.மீ., நீள அகல உயரமுள்ள கல். ஒரு கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 36 சாய். குவாரிக்காரருக்கு ஒரு கணக்கு, முதலாளிக்கு ஒரு கணக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டே தலைமுடி கொட்டிவிட்டது.

நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்குத்தான் சம்பளம். ஆகஸ்டில் முன்னோரைக் கும்பிடும் ஓபோன் பண்டிகை வருவதற்குள் கல்லறை முடிந்திருக்க வேண்டும் என்று குடும்பங்கள் கேட்கும். அதற்கான கல் மாதக்கணக்கில் முன்னாலேயே குவாரியை விட்டுக் கிளம்ப வேண்டும். சரியாக அப்போது பார்த்துத்தான் நம்மூரில் பொங்கல், தைப்பூசம், மாரியம்மன் பண்டிகை. "ஆயிடும் தம்பி, பாத்துக்கலாம்" என்பார் குவாரிக்காரர். முதலாளி நாட்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு தேதி கேட்பார்.

நேராக இங்கே வந்திறங்கும் கல்லுக்கு வேறொரு சோதனை. எங்கள் பட்டறைப் பெரியவர் ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருப்பார். கல் காயும்போது மயிரிழை விரிசல் இருந்தால் அந்தக் கோடு மட்டும் ஈரமாக நிற்கும். உடனே சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டம் விழுந்தால் கல் கழிந்தது. நம்மூரில் வாசற்படிக்குப் போட்டால் பேரன் காலம்வரை கிடக்கும் கல்! எனக்கு வயிறு எரியும்.

மற்றபடி இங்கே பழகிவிட்டது. குப்பையை நாள் பார்த்துப் போடுகிறேன், ரயிலில் வாயைத் திறப்பதில்லை. ஓபோனுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து கல்லறையைத் தேய்த்துக் கழுவி, பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றும்போது மட்டும் மனசு எங்கள் கொல்லைமேட்டுக்கு ஓடிவிடும். அங்கே வேப்பமரத்தடியில் வேடியப்பன் நிற்கிறார். கையில் வில்லோடு செதுக்கிய நடுகல். எந்தச் சண்டையில் செத்தவரோ, பேர் யாருக்கும் தெரியாது. தாத்தா எண்ணெய் தடவித் தடவிக் கல்லே வழுக்கும். சேவல் அறுத்துப் பொங்கல் வைத்தால் குழம்பு வாசம் ஏரிக்கரைவரை போகும். செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிடுவது நமக்கென்ன புதுசா? எழுந்துபோன அந்தப் பெண் வீட்டிலும் வேடியப்பன்தான் குலதெய்வம்.

அம்மாவிடம் இதைச் சொன்னால், "வாதம் பண்ணாத கண்ணு, வேற வேலை பாரு" என்கிறாள். முதலாளிக்கும் அந்த யோசனை வந்திருக்கிறது. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் குடும்பக் கல்லறைகளையே மூடிவிடுகிறார்கள் இங்கே. அதனால் இப்போது கிருஷ்ணகிரி மாங்கூழ் பற்றி விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். தொழிற்சாலைக்காரர் ஒருவரிடம் பேசினேன், விலை ஒத்துவருகிறது. டின் நசுங்காமல் வருமா என்று முதலாளி தினமும் கேட்கிறார்.