பதினோராவது கோல்டு கேசட் பிழைத்துக்கொண்டது

பழைய போகிமான் கோல்டு கேசட்டுகளில் செத்த பேட்டரியை மாற்றிக்கொண்டிருக்கிறேன். விளையாட்டின் சேவும் (எதுவரை விளையாடினோம் என்ற பதிவு) கடிகாரமும் அந்தப் பேட்டரியில்தான் நிற்கின்றன. நேற்று ராத்திரி, புது பேட்டரி போட்டதன் ஏழாவது நாள் சோதனை. பதினோராவது போகிமான் கோல்டு கேசட்டை நின்டெண்டோவின் கைக்கருவியான கேம் பாய் கலரில் செருகி ஆன் செய்தேன். சேவ் அப்படியே இருந்தது. விளையாட்டுக்குள் ஓடுகிற கடிகாரம் என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனது. போன வாரம் இதே கேசட்டின் சர்க்யூட் போர்டில் நெகட்டிவ் பேட் (ஈயம் வைத்து ஒட்டுகிற செம்புத் திட்டு) பேட்டரியின் டேப்போடு (பேட்டரி முனையில் ஒட்டியிருக்கிற உலோகத் தகடு) சேர்ந்து உரிந்து வந்தபோது, இது இனி உதிரிபாகத்துக்குத்தான் என்று ஓரமாக எடுத்து வைத்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் சூட்டோடு சூடாக இதை எழுதுகிறேன். (ஊரில் கேசட் என்றே சொல்லி வளர்ந்தவன் நான். நியூ ஜெர்சிக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்த வார்த்தைதான் வருகிறது.)

பேட்டரி மாற்றும் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. 3.8 மி.மீ. கேம்பிட் (கேசட் ஸ்க்ரூவைத் திறக்கிற திருகுமுனை), ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்டத் தடவுவது), டேப் வைத்த பேட்டரி எல்லாம் இதில் இறங்கியவர்கள் வீட்டில் இருக்கும். நான் சொல்ல வந்தது அந்த நெகட்டிவ் டேப்பைப் பற்றி.

பாசிட்டிவ் பக்கம் சாதுவாக வந்துவிடும். நெகட்டிவ் பக்கம் நேராக கிரவுண்டில் சேர்ந்திருக்கிறது. கிரவுண்டு என்றால் போர்டு முழுக்கப் பரவிக் கிடக்கிற செம்பு. சால்டரிங் அயர்ன் முனையில் கொடுக்கிற சூட்டையெல்லாம் அது வாங்கிப் பரப்பிவிடும். மேலே ஈயம் பளபளவென்று இளகியதுபோலத் தெரியும், டேப்புக்கு அடியில் இறுகியே கிடக்கும். அந்த நேரத்தில் பேட்டரியைப் பிடித்து நெம்பினால் ஈயம் விடாது, பேட் விட்டுவிடும். பத்து கேசட் பழுதில்லாமல் முடித்த தைரியத்தில், நான் கூரான முனையோடு வேலையை ஆரம்பித்துவிட்டேன். அங்கேதான் தப்பு. கூர்முனை அந்த இடத்துக்குப் போதவே போதாது. உளி மாதிரி தட்டையான முனை வேண்டும். 350 டிகிரி வைத்து, பழைய ஈயத்தின்மேல் புது 63/37 (வெள்ளீயம்-ஈயம் விகிதம்) ஈயத்தைக் கொஞ்சம் ஊட்டி, இரண்டும் கலந்து ஓடுகிறவரை பொறுக்க வேண்டும்.

இப்போது நான் மாற்றிக்கொண்ட முறை வேறு. முதலில் டேப்பையே வெட்டி பேட்டரியை அப்புறப்படுத்திவிடுகிறேன். ஒரு பக்கம் வெட்டிய பிறகே மறுபக்கம். கட்டர் ஒரே நேரத்தில் இரண்டு முனையையும் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். பேட்டரி போய்விட்டால் நெம்புவதற்கு எதுவும் இல்லை. மிச்சம் ஒட்டியிருக்கிற தகட்டுத் துண்டுக்குச் சூடு காட்டினால் சாமணத்தில் தானாகவே வந்துவிடுகிறது. இதை மூன்றாவது கேசட்டிலேயே செய்திருக்க வேண்டும்.

உரிந்த பேட்டுக்கு வைத்தியம் எளிதாகவே முடிந்தது. நெகட்டிவ் என்பது கிரவுண்டுதானே, அதே பேட்டில்தான் ஒட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. பக்கத்திலேயே பச்சைப் பூச்சைக் கத்தி நுனியால் மெதுவாகச் சுரண்டி, செம்பு தெரிந்ததும் ஃப்ளக்ஸ் தடவி ஈயம் பூசி, புது டேப்பை அங்கே உட்கார வைத்தேன். மல்டிமீட்டர் பீப் அடித்தது. பாசிட்டிவ் பக்கம் உரிந்திருந்தால், தலைமுடி போன்ற செம்புக் கோட்டைத் தேடிப்போய்க் கம்பி இழுக்க வேண்டியிருந்திருக்கும்.

பேட்டரி விஷயத்தில் ஒரு சின்ன வழக்கு இன்னும் முடியவில்லை. ஆலையிலிருந்து வரும்போது இதில் இருப்பது சிஆர்2025 என்ற நாணய வடிவ பேட்டரி. கொள்ளளவு 165 எம்ஏஎச் சுமார். சிஆர்2032 போட்டால் 225 வரை கிடைக்கும், ஆனால் 0.7 மி.மீ. தடிமன் கூடுதல். கோல்டு கேசட்டில் கடிகாரம் ராப்பகலாக ஓடிக்கொண்டே இருப்பதால், கடிகாரம் இல்லாத முந்தைய போகிமான் ரெட், ப்ளூவைவிட இதில் பேட்டரி சீக்கிரம் தீரும். அதனால் 2032 போட ஆசை வருவது நியாயம்தான். ஆறு கேசட்டில் போட்டேன். நான்கில் கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு சரியாக மூடியது. இரண்டில் நடுவில் லேசாகப் புடைத்து, ஸ்க்ரூ கடைசிச் சுற்றில் முறுக்கியது. அந்த இரண்டையும் கழற்றி 2025 போட்டுவிட்டேன். இனி 2025 மட்டும்தான். அப்புறம், இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு விற்பனையாளரிடம் பத்து வாங்கினேன், நான்கு 2.9 வோல்ட்டுக்குக் கீழே காட்டின. புதுசு என்றால் 3.2 பக்கம் காட்ட வேண்டும். இப்போது டிஜி-கீ மாதிரி பெரிய உதிரிக்கடையில், பிராண்டு பார்த்துத்தான் வாங்குகிறேன். காசு கூடத்தான். பரவாயில்லை.

சரி, பதினொரு கோல்டு எதற்கு என்று கேட்பார்கள். ஆரம்பித்த நேரம் அப்படி. அமெரிக்காவில் கோல்டும் அதன் ஜோடியான சில்வரும் வந்தது 2000 அக்டோபரில். வருஷங்கள் ஓட ஓட பேட்டரிகள் வரிசையாகச் சாக ஆரம்பித்தன. அந்தச் சமயம் பார்த்து, 2017 செப்டம்பர் 22 அன்று நின்டெண்டோ அதே விளையாட்டைத் தன் பிந்தைய கைக்கருவியான 3டிஎஸ்ஸுக்கு டவுன்லோடாக விட்டது. விலை 9.99 டாலர். சேவ் அழியாது, பேட்டரி பயம் இல்லை. பிடித்த போகிமான்களைப் போகிமான் பேங்க் என்ற இணையச் சேமிப்பு வழியாகப் புது விளையாட்டுகளுக்குக் கொண்டுபோகலாம். பழைய கேசட்டில் அது நடக்கவே நடக்காது. விளையாடினால் போதும் என்று நினைத்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

2018 இலையுதிர் காலத்தில், நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிற ஃப்ளீ மார்க்கெட்டில் 'சேவ் ஆகாது' என்று காகிதம் ஒட்டிய கோல்டு கேசட்டுகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. ஒன்று 12 டாலர். ஐந்து எடுத்தேன். கடைக்காரர் வயதானவர். பத்து டாலருக்குப் புதுசு போனிலேயே இறங்கும்போது இதை யார் சீண்டுவார்கள் என்றார். போன் இல்லை, 3டிஎஸ் என்று நான் திருத்தவில்லை. அவர் சொன்ன காரணம் சரி.

2023 மார்ச் 27 அன்று 3டிஎஸ்ஸின் இணையக் கடையையும், வீ யூ என்ற நின்டெண்டோவின் டிவி கருவியின் இணையக் கடையையும் மூடினார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், புதிதாக வாங்க முடியாது. பதினோராவது கேசட்டுக்கு நான் கொடுத்தது 35 டாலர், அதுவும் சேவ் ஆகுமா ஆகாதா என்றே தெரியாத நிலையில். முழு ஏற்றத்தையும் கடை மூடியதன் கணக்கில் எழுத மாட்டேன். 2020 ஊரடங்கில் எல்லாருக்கும் பழைய கேம் ஆசை வந்து விலைகள் பொதுவாகவே எகிறின. ஆனால் அந்த ஃப்ளீ மார்க்கெட் டப்பா காலியானதை வாராவாரம் நின்று பார்த்தவன் நான். கடைசி சில டாலர் ஏற்றம் கடை மூடியதால் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே காலத்தில் செகண்ட்ஹேண்ட் 3டிஎஸ் கருவியும் விலை ஏறியது.

டவுன்லோட் வந்தால் பழைய கேசட் விலை விழும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நான் பார்த்த வரையில், அது தொடுவது விளையாடுவதற்காக வாங்குகிறவனின் கேசட்டை மட்டும்தான்: லேபிள் கிழிந்தது, பெட்டி இல்லாதது, பேட்டரி செத்தது. சேகரிப்பவனின் கேசட்டை அது தொடுவதே இல்லை. எர்த்பவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-இல் கையேட்டோடு பெரிய பெட்டியில் வந்த சூப்பர் நின்டெண்டோ விளையாட்டு. வருஷக்கணக்கில் காக்கவைத்து 2013 ஜூலையில் வீ யூவில் 9.99 டாலருக்கு வந்தது. இப்போதாவது விலை இறங்கும் என்று நான் காத்திருந்தேன். 2017-இல் எஸ்என்இஎஸ் கிளாசிக் என்ற குட்டிக் கருவியிலும் வந்தது. 2022-இல் ஸ்விட்ச் என்ற புதிய நின்டெண்டோ கருவியின் ஆன்லைன் சந்தாவிலும் வந்தது. இத்தனைக்கும் பிறகு, பெட்டி இல்லாத வெறும் கேசட்டைக்கூட நான் தேடிய இடத்தில் யாரும் 100 டாலருக்குக் கீழே தரவில்லை. இதைவிடப் பெரிய உதாரணம் சூப்பர் மரியோ 64. 2020 செப்டம்பரில் ஸ்விட்சில் ஒரு தொகுப்பாக வந்து 2021 மார்ச் வரை எல்லா இடத்திலும் விற்றது. அதே 2021 ஜூலையில், சீல் பிரிக்காத பழைய பிரதி ஒன்று ஹெரிட்டேஜ் ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அதை வாங்கியவர் மரியோவைக் குதிக்கவைக்க வாங்கவில்லை.

தலைகீழாகவும் நடக்கிறது. 2014-இல் சோனியின் பிஎஸ்4 கருவிக்கு இலவசமாக வந்த பி.டி. என்ற டெமோவை அடுத்த வருஷம் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது உள்ளே இருக்கிற பிஎஸ்4 என்று சொல்லியே பழைய கருவிகளைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். டவுன்லோடே செகண்ட்ஹேண்ட் சரக்காகிவிட்டது.

என் மகள் கோல்டை 3டிஎஸ்ஸில்தான் விளையாடினாள். முடித்ததும் தோழிக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். கொடுக்க வழி இல்லை, அது அவள் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. வாங்கிய டிஜிட்டல் பாட்டை மறுவிற்பனை செய்ய ஒரு நிறுவனம் முயன்றபோது, 2018-இல் இங்கே மேல்முறையீட்டு நீதிமன்றமே கூடாது என்று சொல்லிவிட்டது. கேசட் என்றால் கையில் எடுத்துக் கொடுத்துவிடலாம். அதற்காகவே ஏழாம் எண் கேசட்டை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். இன்னொரு கணக்கு மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் விற்பனைக்கே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஆய்வு செய்து சொன்னது. அவற்றையெல்லாம் காசு கொடுத்து நேர்மையாக விளையாட நினைக்கிறவனுக்குப் பழைய கேசட்டை விட்டால் வேறு வழி கிடையாது. அதனால்தான் ஒரு பேட் உரிந்தால் எனக்குத் தூக்கம் போகிறது.

போலிகள் பற்றி ஒரு வரி. விலை ஏறியதும் போலிகளும் கூடிவிட்டன. வாங்கியவுடன் ஓட்டைத் திறந்து பாருங்கள். நிஜ போர்டில் நின்டெண்டோ பெயரும் எண்ணும் அச்சாகியிருக்கும், கடிகாரத்துக்கான சின்ன கிரிஸ்டல் இருக்கும். கருப்புப் பசை உருண்டை ஒன்று மட்டும் தெரிந்தால் காசைத் திரும்பக் கேளுங்கள்.

பதினொன்றுக்கு வருகிறேன். வாங்கியபோது அதன் பேட்டரியில் 2.1 வோல்ட் மிச்சம் இருந்தது, சேவும் உயிரோடு இருந்தது. பதினொன்றில் மூன்றுக்குத்தான் அந்தக் கொடுப்பினை. அயர்னைத் தொடுமுன் கேசட்டைக் கணினியில் படிக்க உதவுகிற ஜிபிஎக்ஸ்கார்ட் கருவியில் செருகி 32 கேபி சேவை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்த்து வைத்திருந்தேன். பேட் உரிந்தபோதும் சேவை நினைத்து நான் பதறாததற்கு அதுதான் காரணம். விளையாடியது 114 மணி நேரம். யாரோ ஒரு பிள்ளை தன் கோடை விடுமுறை முழுவதையும் இதில் போட்டிருக்கிறது. புது பேட்டரி வைத்ததும் சேவைத் திரும்ப ஏற்றினேன். கடிகாரம் நின்றுபோயிருந்ததால் நேரத்தை மட்டும் வைக்கச் சொல்லிக் கேட்டது. விற்றவருக்கு அந்த சேவ் ஃபைலையும் ஒரு படத்தையும் அனுப்பியிருக்கிறேன். அது அவர் அக்கா மகனுடையதாம், கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் வந்தது.

அடுத்து மேசைமேல் ஒரு போகிமான் கிரிஸ்டல் கேசட் காத்திருக்கிறது. இந்தத் தடவை முதல் வேலையாக டேப்பை வெட்டிவிடுவேன். அதற்குமுன் தட்டையான முனையில் இன்னும் அகலமான ஒன்றுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வரும். பதினொன்றின் ஓட்டை இன்னும் முழுதாகத் திருகவில்லை. முப்பதாவது நாள் சோதனை முடியட்டும்.