வியாழக்கிழமைப் பொசோலே

மெக்சிகோவின் கெர்ரேரோ மாநிலத் தலைநகரான சில்பான்சிங்கோவில் நான் போய் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. பச்சைப் பொசோலே என்னும் மக்காச்சோளக் குழம்புக்காகவே வந்திருப்பதாகச் சொன்னதும், உணவகத்து அம்மையார் சிரித்துவிட்டு, "இன்றைக்கு வெள்ளைதான், பச்சைக்கு வியாழக்கிழமை வாருங்கள்" என்றார். 'ஹுவேவெஸ் பொசோலேரோ', அதாவது பொசோலே வியாழன், இம்மாநிலத்தில் ஊறிப்போன வழக்கம். அன்று மதியத்துக்கு மேல் குடும்பம் குடும்பமாகப் பொசோலே கடைகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு நாள் தங்குவதைத் தவிர எனக்கு வேறு வழியிருக்கவில்லை.

அதிலும் ஒரு நன்மை இருந்தது. புதன்கிழமை சந்தையில், 'ககவாசிந்த்லே' என்னும் பருமணி வெள்ளை மக்காச்சோளத்தைக் குவித்து வைத்துக்கொண்டு பெண்கள் ஒவ்வொரு மணியின் நுனியையும் கிள்ளி எறிந்துகொண்டிருந்தார்கள். நாம் வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பைக் கரைத்த நீரில் மக்காச்சோளத்தை வேகவைத்தால் தோல் கழன்றுவிடும். நுனியையும் நீக்கி மறுபடி மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் மணி பூப்போல் விரியும். அந்த விரிந்த சோளம்தான் பொசோலே; பன்றி இறைச்சியும் நிறமும் அதன் பிறகு வருபவை.

சில்பான்சிங்கோவுக்குக் கிழக்கேயுள்ள சிலாபாவில், கிறிஸ்தவ ஆயர் ஒருவரின் வருகைக்காகச் சமைத்தபோது தற்செயலாகப் பிறந்த உணவு இது என்று கதை சொல்கிறார்கள். பெயரே அஸ்டெக் மக்கள் பேசிய நாவட்ல் மொழியிலிருந்து வந்தது. சோளத்தை மனித இறைச்சியோடு சமைத்த சடங்குணவைப் பற்றி 16ஆம் நூற்றாண்டிலேயே சஹாகூன் என்னும் ஸ்பானியத் துறவி எழுதியிருக்கிறார். ஆகவே ஆயர் கதையை நான் நம்பவில்லை. காய்ந்த மிளகாய் அரைத்துவிட்ட சிவப்புப் பொசோலே ஹலிஸ்கோ மாநிலத்தின் அடையாளம். செப்டம்பர் 15ஆம் தேதி, சுதந்திர தினத்துக்கு முந்தைய இரவில், நாடெங்கும் பொசோலே கொதிக்கிறது. பச்சைக்கு மட்டும் கெர்ரேரோதான் தாயகம்.

வியாழன் மதியம் ஒருவழியாகக் கிண்ணம் வந்தது. பூசணி விதையும், பச்சைத் தக்காளி போன்ற தொமாட்டிலோ காயும் அரைத்த குழம்பு தடிமனாக இருந்தது. மேலே அவகாடோ துண்டுகள், பொரித்த பன்றித்தோல், பக்கத்தில் மெஸ்கால் என்னும் கற்றாழைச் சாராயம். எதிரில் இருந்த பெரியவர் டப்பாவில் வந்த மத்தி மீனைத் தம் கிண்ணத்தில் போட்டுப் பிசைந்துகொண்டு, என் பக்கமும் நகர்த்தினார். முதல் கிண்ணத்தில் மறுத்துவிட்டேன். இரண்டாவதில் நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.