சாட்சி சொல்லச் சொன்னார்கள்

ஜெபக் குழுவில் மூன்று தடவை கேட்டுவிட்டார்கள், தம்பி ஒரு சாட்சி சொல்லேன் என்று. மூன்று தடவையும் மழுப்பிவிட்டேன். சாட்சிக்கென்று ஒரு அளவுச் சட்டை தைத்து வைத்திருக்கிறார்கள்: கெட்டேன், அழுதேன், ஒரு ராத்திரி ஆண்டவர் தொட்டார், மறுவாரம் கடன் அடைந்தது. எனக்கு அந்தச் சட்டை கொள்ளவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் மலேசியாவில் பினாங்கு, பட்டர்வொர்த் பையன். பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை, 12 மணி நேர ஷிப்டு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி கூப்பிடவில்லை. சரி என்று மோட்டாரில் சாப்பாடு டெலிவரி ஓட்டினேன். 2021 ஆகஸ்டில் அப்பா கோவிட்டில் போனார். ஆம்புலன்சில் ஏறும்போது கையாட்டினார், அப்புறம் பெட்டியைத்தான் பார்த்தோம். அந்த நாட்களைப் பற்றி எழுத இஷ்டமில்லை.

கடனைப் பற்றி எழுதலாம். வாடகை, தங்கச்சி படிப்பு, மோட்டார் தவணை எல்லாம் கழுத்தை நெரித்தபோது ஆலோங்கிடம், அதாவது லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரனிடம், 5,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்டேன். முதல் வட்டியைப் பிடித்துக்கொண்டு 4,500தான் கையில் வைத்தான். முட்டாள்தனம்தான், தெரியும். இரண்டு தவணை தவறியதும் ஒரு விடிகாலையில் பிளாட் கதவெல்லாம் சிவப்புச் சாயம், கதவோடு விட்டார்களா, செருப்பு ஸ்டாண்டு, அம்மாவின் துளசித் தொட்டி, எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா துவைத்துக் காயப்போட்ட துணி வரைக்கும். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் தின்னர் டப்பாவைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். இரண்டு நாள் சுரண்டினேன். கீல் இடுக்கில் இறங்கின சாயம் மட்டும் வரவில்லை, இன்றைக்கும் இருக்கிறது.

2023 ஜூலையில் கூட்டாளி ஒருவன் புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன், நம் அன்னம்மா, தேவாலயத் திருவிழாவில் தண்ணிக்கடை போட்டான். ஒரு ராத்திரிக்கு 60 வெள்ளி தருகிறேன் என்றான், போனேன். ஜூலை 26-ஐ ஒட்டி அங்கே கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தமிழர், சீனர், கிறிஸ்தவர், இந்து என்று பிரித்துப் பார்க்க முடியாது. எங்கள் அம்மாவே வருடா வருடம் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறவர்தான்.

நடுராத்திரிக்கு மேல் கூட்டம் கலைந்தது. தரையெல்லாம் மெழுகு. ஒரு பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தார். "தம்பி, கை சும்மாதானே இருக்கு, ஒரு கை கொடு" என்று இன்னொரு தகட்டை நீட்டினார். மெழுகு சாயம் மாதிரி இல்லை, ஓரத்தில் நெம்பினால் தோசை மாதிரி முழுசாக எழும்பி வரும். "எங்கப்பா பழகினே, இவ்வளவு சுத்தமா சுரண்டறே?" என்றார். என்ன தோன்றியதோ, கதவு, தின்னர், அப்பாவின் பெட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஜெபம் பண்ணு என்று சொல்லவில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. சுரண்டுவதை நிறுத்தாமலே கேட்டார். கடைசியில், "சங்கீதம் 88 படிச்சுப் பாரு" என்றார்.

விடியும் முன்னே போனில் தேடிப் படித்தேன். ஆறுதல் வரும் வரும் என்று பார்த்தால் வரவேயில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் கிடைக்காத ஒருத்தன், முடிகிற இடத்திலும் இருட்டுத்தான். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வெளியே அவரைத் தேடிப் பிடித்து, "ஐயா, இதெல்லாமா வேதத்துல இருக்கு?" என்றேன். "இருக்கு. யாரும் எடுத்துப் போடல" என்றார்.

என்னை இழுத்தது இதுதான். பதில் கிடைக்காதவனின் குரலையும் ஜெபம் என்று வைத்திருக்கிறார்கள், சிலுவையில் தொங்குகிறவரும் ஏன் என்னைக் கைவிட்டீர் என்றுதான் கேட்கிறார். அவரிடம் பேசலாம் என்று தோன்றியது. கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்து, வகுப்புக்குப் போய், 2025 ஈஸ்டர் விழிப்பு இரவில் ஞானஸ்நானம் எடுத்தேன்.

சொந்தக்காரர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். கொடுத்திருந்தால் ஆலோங் மூஞ்சியில் எறிந்திருக்க மாட்டேனா! அம்மாதான் ரொம்ப நாள் பேசவில்லை. "அன்னம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்துறது வேற, நீ ஞானஸ்நானம் எடுக்கிறது வேறடா" என்றார். நியாயம்தான். தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுத்தவன் நான், அதைப் பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அம்மா கும்பிடுகிற சாமியைப் பேய் என்று பேசுகிற நம் ஆட்கள் சிலர்மேல் எனக்குக் கோபம் உண்டு.

கடன் இன்னும் முடியவில்லை. மாசம் 300 கட்டுகிறேன். போன வாரம் தோசைக்கல் முன்னால் நின்றபடி அம்மா கேட்டார், "உங்க சாமிகிட்ட கடனைப் பத்திச் சொன்னியா?"

"தினம் சொல்றேன்மா."

"என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல."

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார். "முருகனும் அப்படித்தான்" என்றார்.