அம்பாசடர் மலையேறும்போது ஹீட்: குன்னூர் பாதைக்காகச் செய்து பார்த்த வேலைகள்

வண்டி 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர், பழைய பிஎம்சி பி சீரிஸ் என்ஜின். ஊருக்குள் ஓடும்போது டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு நகராது. மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு தாண்டி ஏற்றம் பிடித்ததும் ஏறத் தொடங்கும், பர்லியாறு வருவதற்குள் சிவப்பைத் தொடும்.

முதலில் முள்ளையே சந்தேகப்பட வேண்டும். இந்த வகை மீட்டருக்கு 10 வோல்ட் ஸ்டெபிலைசர் ஒன்று உண்டு. அதன் எர்த் கெட்டால் முழு பேட்டரி வோல்ட்டேஜும் மீட்டருக்குப் போய், முள் உள்ளதைவிட மேலே காட்டும். பெட்ரோல் முள்ளும் சேர்ந்து கூடுதலாகக் காட்டினால் கோளாறு அங்கேதான். எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) ஹவுசிங்கில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம். பளபளக்கும் உலோகத்தில் அது குறைவாகக் காட்டும் என்பதால், அளக்கும் இடத்தில் கறுப்பு மேட் பெயிண்ட் ஒரு பொட்டு. பர்லியாறில் 98 டிகிரி. அதாவது ஹீட் உண்மைதான்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. இதைத்தான் பலரும் கடைசியாகப் பார்க்கிறார்கள். குன்னூர் சுமார் 1850 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும், ஊட்டியில் 93-ஐ ஒட்டி. 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடி உள்ளே அழுத்தத்தை ஒழுங்காகப் பிடித்தால் குன்னூரில் கொதிநிலை 107 வரை போகும். மூடியின் ரப்பர் விறைத்திருந்தால் அந்த 13 டிகிரியும் போச்சு. மேட்டுப்பாளையத்தில் ஒன்றும் செய்யாத அதே சூடு மேலே கொதிப்பாகிவிடும். புது மூடி போட்டோம். 13 பிஎஸ்ஐ மூடி கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம், பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்று தாங்காது.

என்ஜின் பிளாக்கின் பின்பக்க வடிகால் குழாயைத் திறந்தால் சொட்டுக்கூட வரவில்லை. கம்பி விட்டுக் குத்தியதும் செந்நிறச் சேறு கட்டியாக விழுந்தது. நாலாவது சிலிண்டரைச் சுற்றித்தான் இது படியும், மலையில் முதலில் காய்வதும் அந்தப் பக்கமே. லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து, சூடேறும்வரை ஓடவிட்டு வடித்து, தெளிந்த நீர் வரும்வரை அலசினோம்; கடைசி அலசலில் கொஞ்சம் சமையல் சோடா. துரு கரைந்தபின் வெல்ச் பிளக் (பிளாக்கின் ஓட்டைகளை அடைக்கும் தகட்டு மூடி) கசியலாம், மறுநாள் பார்த்துக்கொள்ள வேண்டும். ரேடியேட்டரைத் தனியாகக் கடையில் கொடுத்து மேல்தொட்டியைப் பிரித்து குழாய்களுக்குள் ராடு விட்டு அடைப்பெடுக்கச் சொன்னோம். மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி டிஸ்டில்டு வாட்டர். கூலன்ட் அதிகமானால் கொதிநிலை உயரும், ஆனால் தண்ணீர் அளவுக்கு அது சூட்டைச் சுமக்காது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லாத மெக்கானிக் அபூர்வம். 82 டிகிரியில் திறக்கத் தொடங்குவது 95-ல் முழுக்கத் திறந்துதான் கிடக்கும். ஏற்றத்தில் கழற்றிப் பெறுவது சொற்பம். இறக்கத்திலும் குளிரிலும் என்ஜின் சூடேறாமல் ஓடி ஆயில் கெடுவதுதான் மிச்சம். வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து அதையே மாட்டினோம்.

காற்று விஷயத்தில் ஒரே ஒரு வேலை பெரிய பலன் தந்தது: ஃபேனைச் சுற்றித் தகரக் கூண்டு. ஃபேன் இறக்கையின் அகலத்தில் பாதி கூண்டுக்குள், பாதி வெளியே. நுனிக்கும் தகரத்துக்கும் 20 மில்லிமீட்டர் இடைவெளி, என்ஜின் குலுங்குமே. கூண்டு இல்லாவிட்டால் மெதுவான ஏற்றத்தில் ஃபேன் தன்னைச் சுற்றியிருக்கும் சூடான காற்றையே மறுபடி மறுபடி சுழற்றும். கிரில் முன்னால் மாட்டியிருந்த கூடுதல் விளக்குகளையும் கழற்றியாயிற்று.

கடைசியில் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) சரியாக இருந்தது. 3000 ஆர்பிஎம்மில் டைமிங் லைட் அடித்தால் அட்வான்ஸ் (வேகம் கூடக் கூடப் பொறி முன்கூட்டியே விழுவது) நகரவேயில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அதை நகர்த்தும் எடைக்கட்டிகள் கிரீஸ் காய்ந்து ஒட்டியிருந்தன. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஏறும்போது என்ஜின் உறிஞ்சலால் இயங்கும் வேக்யூம் அட்வான்ஸ் வேலை செய்யாது, இந்த எடைகள்தான் கதி. அவை அசையாவிட்டால் பெட்ரோல் தாமதமாக எரிந்து அந்தச் சூடு எக்ஸாஸ்ட் போர்ட் வழியாகத் தண்ணீருக்கே வரும். கழுவி ஒரு துளி மெல்லிய ஆயில், அவ்வளவுதான்.

இப்போது நாலு பேருடன் பர்லியாறில் 87, குன்னூருக்குச் சற்று முன் 92. ஓட்டும் விதமும் கணக்கில் வரும்: மூன்றாம் கியரில் திணறவிடாமல் முன்கூட்டியே இரண்டுக்கு வந்தால் தண்ணீர் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். மேலே நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்பாமல் இரண்டு மூன்று நிமிடம் சற்றே கூடுதல் ஐடிலில் ஓடவிட வேண்டும். இல்லையெனில் நின்றபின் 6, 7 டிகிரி ஏறுகிறது, பெட்ரோல் பம்பிலும் ஆவி கட்டிக்கொள்கிறது. பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே தடித்த இன்சுலேஷன் பேக்கிங் போடும் வேலை பாக்கி. ரேடியேட்டரின் கீழ் ஹோஸுக்குள் ஸ்பிரிங் இல்லை என்பதும் கண்ணில் பட்டது. அதிக வேகத்தில் தண்ணீர் பம்பின் உறிஞ்சலில் ஹோஸ் சப்பிப்போகும், அதையும் சேர்த்து மாற்ற வேண்டும்.